அது ஏஐ போட்ட கோலம் இல்லங்க, பிளஸ் ஒன் பிள்ளை எழுதுன கோடாக்கும்

ஆசிரியர் அவங்களுக்கு வணக்கம்.

போன வாரம் நாகர்கோவில் பதிப்புல மாணவர் கண்காட்சி பத்தி செய்தி போட்டிருந்தீங்க, சின்னதா ஒரு லைப்ரரி ஹால்ல நடந்த விஷயத்துக்கு கால் பக்கம் குடுத்ததுக்கு முதல்ல நன்றி. ஆனா அதுல பெருசா வந்த படம் இருக்குல்லா, கறுப்புத் தரைல தங்கக் கம்பில சிக்குக் கோலம், புள்ளி வர்ற இடத்துல எல்லாம் சிவப்புக் கல்லு, அதுக்குக் கீழ "ஏஐ உருவாக்கிய கோலம்"னு போட்டிருந்தீங்க. அது தப்புங்க. அந்தப் படத்த உருவாக்குனது ஏஐ இல்ல, தக்கலை பக்கத்துல பிளஸ் ஒன் படிக்கற ஒரு பிள்ளை, அவளே உக்காந்து எழுதுன புரோகிராம், அந்தப் புரோகிராம்ல இருந்து வந்த உருவத்த ரே டிரேசிங் பண்ற ஒரு ரெண்டரர்ல, அதாவது ஒளி எப்படிப் போகும்னு கணக்குப் போட்டு படம் எடுக்கற மென்பொருள்ல, குடுத்து எடுத்த படம். ஞாயித்துக்கிழமை தோறும் அந்தப் பிள்ளைகளுக்கு கோடிங் சொல்லிக் குடுக்கறது நான்தான், அதனால இத நான் எழுதாம வேற யாரு எழுதுவா.

சின்ன விஷயம்தானே, ஒரு வரி தானேன்னு நெனைக்காதீங்க. பேப்பர் வந்த மறுநாள் ஸ்கூல்ல அவகிட்ட "நீ ரெண்டு வரி டைப் பண்ணின, அது போட்டுக் குடுத்துச்சு, அவ்ளோதானே"ன்னு கேட்டிருக்காங்க. அவளுக்க பாட்டி அந்தப் பேப்பர வெட்டி எடுத்து வச்சிருந்தவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னதக் கேட்டுட்டு "மக்ளே, இது நீ போட்டது இல்லியா"ன்னு கேட்டாங்களாம். மாசக்கணக்கா வேலை பாத்த பிள்ளை அதுக்கு என்ன பதில் சொல்லும்? அதனால அந்தப் படம் எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன், நீளமாப் போனா பொறுத்துக்கிடுங்க.

முதல்ல கோலம். அவ எழுதுனது பிராசஸிங்னு புரோகிராம் எழுதற ஒரு மென்பொருள்ல. இது 2001ல அமெரிக்கால எம்ஐடி மீடியா லேப்ல கேசி ரீஸ், பென் ஃபிரைன்னு ரெண்டு பேரு ஆரம்பிச்சது, படம் வரையறவங்களும் டிசைன் பண்றவங்களும் புரோகிராம் கோடு எழுதணும்னே செஞ்சது, இலவசம். இதுல எழுதற புரோகிராமுக்கு ஸ்கெட்ச்னு பேரு. பிரவுசர்லயே ஓடற மாதிரி பி5 ஜேஎஸ்னு ஒண்ணும் இருக்கு, வீட்ல கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைங்க அதுல போன்லயே எழுதிப் பாக்கறாங்க. கோலத்த கம்ப்யூட்டர்ல யோசிக்கறது நம்ம ஆளுங்களுக்குப் புதுசும் இல்ல. மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல இருந்த கிஃப்ட் சிரோமணியும் அவங்க மனைவி ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேந்து 1974லயே கோலத்துக்கு இலக்கண விதி எழுதி ஆராய்ச்சிக் கட்டுரை போட்டிருக்காங்க, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கறவங்க இன்னைக்கும் அதத் தேடிப் படிக்கறாங்க. 50 வருஷம் முன்னால தாம்பரத்துல நடந்த வேலை, நம்ம பேப்பர்கள்ல அதப் பத்தி ஒரு முழுப் பக்கம் வந்தா எவ்ளோ நல்லா இருக்கும்.

பிள்ளை பண்ணுனது இதாக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் நாலு பக்கம், பக்கத்துப் புள்ளியப் பாத்த பக்கம் திறந்திருக்கு இல்லன்னா மூடியிருக்கு, திறந்திருந்தா இழை குறுக்க போகும், மூடியிருந்தா வளைஞ்சு திரும்பிரும். நாலு பக்கத்துக்கும் ரெண்டு ரெண்டு வழின்னா மொத்தம் 16 வடிவம், சுத்தி வச்சாலும் ஒண்ணுதான்னு எடுத்தா வெறும் 6. அந்த 6 வடிவத்த கோட்ல எழுதிட்டா இந்த மாதிரிச் சிக்குக் கோலம் எல்லாம் வரும். அவ எடுத்தது 7க்கு 8 புள்ளி. எதுக்கு 7க்கு 7 எடுக்கலன்னு கேட்டேன், எல்லா பக்கத்தையும் திறந்து விட்டா ரெண்டு எண்ணுக்கும் மீப்பெரு பொதுக்காரணி எவ்ளோவோ அவ்ளோ இழை வரும்னு சொன்னா, 7க்கு 7ன்னா 7 தனித்தனி இழை, 6க்கு 9ன்னா 3, 7க்கு 8ன்னா ஒரே இழை. இது கணக்குல நிரூபிச்ச விஷயம், ஆனா அவ எந்தப் புஸ்தகத்துலயும் படிக்கல, ஸ்கெட்ச்ல நம்பர மாத்தி மாத்திப் போட்டு அவளாவே கண்டுபிடிச்சா. பாட்டி வாசல்ல ஒரே இழைல போடுவாங்க, அதே மாதிரி வரணும்னு அவளுக்குப் பிடிவாதம். அப்புறம் அழகுக்காக அங்கங்க சில பக்கத்த மூடுனா, மூடும்போது இழை பிரிஞ்சு போகக்கூடாதுன்னு ஒவ்வொரு தடவையும் இழைகள எண்ணிப் பாக்கறதுக்கும் கோடு எழுதுனா.

இவ்ளோ தூரம் வந்தா ஸ்கிரீன்ல கோலம் வந்துரும். அதோட விட்டிருந்தா அது தட்டையான ஒரு கோலம், அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. அவளுக்குத் தேவைப்பட்டது வேற. அவளுக்க அப்பா வடசேரில கோயில் நகை பண்ற பட்டறைல வேலை பாக்கறவர், வடசேரி கோயில் நகைக்கு புவிசார் குறியீடு இருக்குன்னு உங்களுக்கே தெரியும். அப்பா கைல பாத்த அந்தத் தங்கமும் சிவப்புக் கல்லும் கோலத்துல வரணும், தரை பத்மநாபபுரம் அரண்மனைத் தரை மாதிரி இருக்கணும். இது பிராசஸிங்குக்க ஸ்கிரீன்ல வராது, ஏன்னு சொல்றேன்.

பிராசஸிங்ல 3டி போட்டா உருவத்த எல்லாம் சின்னச் சின்ன முக்கோணமா உடைச்சு, ஒவ்வொரு முக்கோணத்தையும் தனித்தனியா ஸ்கிரீன்ல எங்க விழும்னு கணக்குப் போட்டு கலர் அடிக்கும், செகண்டுக்கு 60 தடவ அடிக்கணும்ங்கறதால அவ்ளோ வேகம். ஆனா ஒரு முக்கோணத்துக்கு பக்கத்துல இன்னொண்ணு இருக்குங்கறதே தெரியாது. அதனால நிழல் கிடையாது, ஒண்ணுல இன்னொண்ணு பிரதிபலிக்காது, கண்ணாடி வழியா வளைஞ்சு தெரியாது. கேம் பண்றவங்க இதுக்கெல்லாம் தனித்தனியா வித்தை வச்சிருக்காங்க, அது வேற கதை. ரே டிரேசிங்ல வேலை தலைகீழ். படத்துல உள்ள ஒவ்வொரு பிக்சல் வழியாவும் கேமராவுல இருந்து ஒரு கதிர அனுப்பி, அது எதுல போய் முட்டுது, முட்டுன இடத்துல இருந்து விளக்கப் பாத்தா நடுவுல ஏதாவது மறைக்குதா, பளபளப்பான பொருள்னா எந்தப் பக்கம் திரும்புது, கண்ணாடின்னா உள்ள எவ்ளோ வளையுதுன்னு ஒவ்வொண்ணா தொடர்ந்து போய் கணக்குப் போடும். பள்ளிக்கூடத்துல ஸ்நெல் விதின்னு படிக்கறோம்லா, அதேதான், ஒளி எவ்ளோ வளையும்னு சொல்ற ஒளிவிலகல் எண் தண்ணிக்கு 1.33, சாதாக் கண்ணாடிக்கு 1.5, மாணிக்கக் கல்லுக்கு 1.77 கிட்ட. 1980ல பெல் லேப்ஸ்ல இருந்த டர்னர் விட்டட் இத ஒழுங்கா ஒரு கட்டுரையா எழுதுனாரு, கண்ணாடி உருண்டையும் கட்டம் போட்ட தரையும் உள்ள அந்த ஒரு சின்னப் படத்துக்கு அந்தக் காலத்து மெஷின்ல 74 நிமிஷம் ஆச்சாம். 1986ல ஜேம்ஸ் கஜியா ஒளி ஒரு இடத்துல பட்டு இன்னொரு இடத்துக்குத் தெறிச்சு அங்க இருந்து இன்னொண்ணுக்குப் போறது எல்லாத்தையும் ஒரே சமன்பாட்டுக்குள்ள கொண்டு வந்தாரு, இன்னைக்கு ஓடற நல்ல ரெண்டரர் எல்லாம் அந்த வழிதான்.

அரண்மனைத் தரைய வச்சே பிள்ளைகளுக்கு இதச் சொல்லிக் குடுத்தேன், நடந்து போற தூரம்தானே. முட்டை வெள்ளக்கரு, சிரட்டைக்கரி, சுண்ணாம்பு எல்லாம் சேத்துப் போட்ட தரைன்னு அங்க சொல்லுவாங்க. காலடில குனிஞ்சு பாத்தா வெறும் கறுப்புதான், தூரத்துல ஜன்னல் பக்கமாப் பாத்தா ஜன்னல் அப்படியே தரைல தெரியும். தரை ஒண்ணுதான், பாக்கற கோணம்தான் வேற. கண்ணாடி மாதிரி 1.5 உள்ள ஒரு பரப்புல நேரா விழற ஒளில நூத்துக்கு 4 பங்குதான் திரும்பும், செங்குத்துல இருந்து 80 டிகிரி சாஞ்சு விழுந்தா நூத்துக்கு 39 பங்கு கிட்டத் திரும்பிரும். ரே டிரேசிங் ரெண்டரர்ல இத நாம தனியா வரையவே வேண்டாம், அந்த ஒரு நம்பர குடுத்தாப் போதும், மீதி தானா வரும். நீங்க போட்ட படத்துல கோலத்துக்க மேல் பாதி தரைல பளிச்சுன்னு பிரதிபலிக்குது, கீழ் பாதில மங்கலாத் தெரியுது பாருங்க, அது அழகுக்காக யாரும் பூசுனது இல்ல, ஒளிக்க கணக்கு.

இனி ஸ்கெட்ச்ல இருந்து ரெண்டரருக்கு எப்படிக் கொண்டு போறது. இதுலதான் நெறைய பேரு பாதில விட்டுட்டுப் போயிடறாங்க, அதனால இந்த இடத்தக் கொஞ்சம் விரிச்சு எழுதறேன், உங்க வாசகர்கள்ல பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கறவங்க யாராவது இருந்தா உதவும். ஸ்கிரீன்ல தெரியற படத்த அனுப்பிப் பிரயோஜனம் இல்ல, உருவத்த அனுப்பணும், தையக்காரர்கிட்ட போட்டோ குடுக்கறதுக்கும் அளவு குடுக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். அதுக்கு ஓபிஜேன்னு ஒரு ஃபைல் இருக்கு, வெறும் எழுத்துதான், நோட்பேட்ல திறந்து படிக்கலாம். 'வி'ன்னு தொடங்கற வரில ஒரு புள்ளிக்க மூணு எண்ணு, 'எஃப்'னு தொடங்கற வரில எந்தெந்தப் புள்ளி சேந்து ஒரு முகம், அதாவது ஒரு சின்னப் பரப்புன்னு. புள்ளிய 1ல இருந்து எண்ணணும், புரோகிராம்ல நாம 0ல இருந்து எண்ணிப் பழகுனதால இங்க எல்லாரும் ஒரு தடவ முட்டிக்கிடுவாங்க.

அதவிடப் பெரிய சிக்கல், வரையற கோடு, அதாவது லைன். ஸ்கெட்ச்ல ஒரு கோடு போட்டா ஸ்கிரீன்ல தெரியும், ஆனா அதுக்குத் தடிமனே கிடையாது, அதுல கதிர் எங்க போய் முட்டும்? அப்படியே அனுப்புனா ரெண்டர் பண்ணுன படத்துல தரை மட்டும்தான் இருக்கும். கோலத்துக்க பாதை முழுக்க அடுத்தடுத்து சின்ன வட்டம் வட்டமா வச்சு, ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் நடுவுல முகம் போட்டு மூடி, கோட்டக் குழாயா மாத்தணும். அப்பத்தான் அது கம்பி. கம்பின்னு ஆனதும் இன்னொரு கேள்வி வந்துச்சு, குறுக்க வர்ற இடத்துல எது மேல எது கீழ? தரைல மாவால போடும்போது அந்தக் கேள்வியே இல்ல, கம்பின்னா ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து போனாப் பாக்க அசிங்கமா இருக்கும். எல்லாப் பக்கமும் திறந்த 7க்கு 8 கோலத்துல 97 இடத்துல குறுக்க வரும். அவ பண்ணுனது, இழைய ஒரு இடத்துல இருந்து தொடர்ந்து போய் ஒரு தடவ மேல, அடுத்த தடவ கீழன்னு மாத்தி மாத்திப் போட்டா. கடைசில வந்து சேரும்போது எங்கயாவது ரெண்டும் மேலன்னு வந்து இடிச்சிருமோன்னு பயந்தா, இடிக்கல, எந்த மூடுன வளையத்துக்கும் அது சரியா வந்துதான் தீரும், முடிச்சு பத்தின கணக்குல அதுக்கும் நிரூபணம் இருக்கு. சங்கிலி மாதிரி மேலயும் கீழயும் ஏறி இறங்கிப் போற அந்தக் கம்பியப் பாத்துட்டு அவளுக்க அப்பா "இத நான் செஞ்சு தரட்டா"ன்னு கேட்டிருக்காரு.

அச்சு மாறறது இன்னொண்ணு. பிராசஸிங்ல ஒய் அச்சு கீழ பாத்து போகும், ரெண்டரர் பலதுல மேல பாத்து போகும், அதனால உருவம் தலைகீழா வரும். தலைகீழா வந்ததேன்னு நாம பிளெண்டர்ங்கற 3டி மென்பொருள்ல அத சுத்தி நிமித்தி வச்சிட்டா நிமிந்துரும், ஆனா கண்ணாடில பாக்கற மாதிரி இடம் வலம் மாறியிருக்கும். கோலம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கறதால கண்டுபிடிக்க முடியாது, ஓரத்துல தமிழ்ல பேரு எழுதியிருந்தா உடனே தெரிஞ்சிரும். ஃபைல் எழுதும்போதே ஒய்க்கு முன்னால ஒரு மைனஸ் போடறதுதான் சரி, அப்படிப் போடும்போது முகத்துக்க புள்ளி வரிசையையும் திருப்பணும், இல்லன்னா உள்பக்கம் வெளிப்பக்கமா ஆயிரும், கண்ணாடிப் பொருள்ல அது பெரிய கோளாறு. அளவும் பாக்கணும், ஸ்கெட்ச்ல 600 பிக்சல் அகலத்துல போட்ட கோலம் பிளெண்டர்ல 600 மீட்டரா வந்து நிக்கும், நம்ம வள்ளுவர் சிலை 133 அடி, அதப் போல 15 மடங்கு. வெளிச்சமும் நிழலும் அளவப் பொறுத்துதான் வருங்கறதால அத வாசல் கோலம் அளவுக்குச் சுருக்கினப்புறம்தான் எதுவும் சரியாத் தெரியும்.

கலர்லயும் அப்படித்தான். ஸ்கெட்ச்ல 0ல இருந்து 255 வரை, 128 போட்டா பாதின்னு நெனைப்போம், அது கண்ணுக்குத்தான் பாதி, ஒளிக்க அளவுல அது கிட்டத்தட்ட 0.216தான். ரெண்டரர் ஒளியக் கூட்டிப் பெருக்கற கணக்குங்கறதால அந்த 0.216தான் அதுக்கு வேணும், நேரா 0.5ன்னு குடுத்தா எல்லாம் வெளுத்துப் போயிரும். அதே மாதிரி தங்கத்துக்கு மஞ்சக் கலர் குடுத்தா மஞ்ச பெயிண்ட் அடிச்ச கம்பிதான் வரும். உலோகத்துக்குன்னு சொந்தமா நிறம் தெரியறது சுத்தி இருக்கறது அதுல பிரதிபலிக்கும்போதுதான், சுத்தி ஒண்ணுமே இல்லாத இருட்டுல தங்கமும் கறுப்புதான். அதனால கோலத்துக்கு ஒரு பக்கம் பெரிய ஜன்னல் ஒண்ணு வச்சா, அதுல இருந்து வெயில். சூரியன் நம்ம கண்ணுக்கு அரை டிகிரி அகலம், அதனால நிழலுக்க ஓரம் தூரம் போகப் போக மங்கும், 15 மீட்டர் தென்னை மர உச்சில உள்ள ஓலைக்க நிழல் உச்சி வெயில்ல தரைல விழும்போது ஓரம் 14 சென்டிமீட்டர் கிட்ட மங்கியிருக்கும், அத வெளில கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன், தினமும் மிதிச்சுட்டுப் போற நிழல்தான், யாரும் அதுவரை கவனிச்சதில்ல.

சிவப்புக் கல்லு விஷயத்துல எனக்குத் தெரிஞ்சத விட அவளுக்க அப்பாவுக்குத்தான் அதிகம் தெரிஞ்சிருந்துச்சு. 1.77ன்னு நம்பர் குடுத்து சிவப்புக் குடுத்து ரெண்டர் பண்ணினா கல்லு எல்லாம் கறுப்புத் தரைல ஓட்டை மாதிரி இருண்டு கெடக்கு. கணக்குல ஒரு தப்பும் இல்ல, கல்லு வழியா உள்ள போன கதிர் கீழ உள்ள கறுப்புத் தரைல போய் முட்டி அங்கயே அடங்கிருது. அவர் ஸ்கிரீனப் பாத்ததும் "கல்லுக்கு அடில பளபளன்னு மெல்லிசா தகடு வச்சுதானே நாங்க பதிப்போம், வெறுங்கல்ல வச்சா எப்படி மின்னும்"னு கேட்டாரு. கோட்ல ஒவ்வொரு கல்லுக்கும் அடில ஒரு சின்ன வட்டத் தகடு வச்சோம், உள்ள போன ஒளி திரும்பி மேல வந்துச்சு, கல்லு எல்லாம் எரியற மாதிரி ஆச்சு. எந்தக் காலத்துலயோ கண்டுபிடிச்ச கைவேலை ரகசியம் கம்ப்யூட்டருக்குள்ளயும் அப்படியே வேலை செய்யுது, ஏன்னா உள்ள ஓடறது நிஜ ஒளிக்க விதி. இத ஏஐ பண்ணுச்சுன்னு எழுதுனா அந்தப் பட்டறைக்காரருக்க அறிவும் சேந்துல்லா காணாமப் போகுது.

ரெண்டரர் எதுவும் காசு குடுத்து வாங்கினது இல்ல. ஆரம்பத்துல பிள்ளைகளுக்கு போவ்-ரேன்னு ஒண்ண காட்டுவேன், 1991ல இருந்து இருக்கு, காட்சி முழுசையும் எழுத்தாலயே எழுதிக் குடுக்கலாம், ஸ்கெட்ச்ல இருந்தே ஒவ்வொரு வரியா ஃபைல்ல எழுதிரலாம், உருண்டைன்னா முக்கோணமா உடைக்காம நிஜ உருண்டையாவே எடுத்துக்கிடும். முன்னால பிராசஸிங் ஆளுங்க சன்ஃப்ளோன்னு ஒண்ண ரொம்ப வச்சிருந்தாங்க, ரெண்டுமே ஜாவாங்கற மொழில எழுதுனதுங்கறதால ஸ்கெட்ச்சுக்குள்ள இருந்தே கூப்பிடலாம், ஆனா அதுல ரொம்ப வருஷமா புது வெர்ஷன் வரல. கடைசிப் படம் எடுத்தது பிளெண்டர்ல, அதுல உள்ள சைக்கிள்ஸ் ரெண்டரர்ல. பிளெண்டர் 2002ல உலகம் பூரா ஜனங்க சேந்து ஏழே வாரத்துல ஒரு லட்சம் யூரோ திரட்டிக் குடுத்து பொதுச் சொத்தா ஆக்குன மென்பொருள், தக்கலைல ஒரு பிள்ளை இன்னைக்கு அதத் தொடுதுன்னா அன்னைக்கு எங்கயோ யாரோ குடுத்த காசுதான்.

நேரம்தான் ஆச்சு. ஏ3 தாள்ல 300 டிபிஐல, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வச்சு, அச்சடிக்கணும்னா 1 கோடியே 74 லட்சம் பிக்சல், ஒரு பிக்சலுக்கு 400 கதிர்னு வச்சா 696 கோடி கதிர், ஒவ்வொண்ணும் பல தடவ தெறிக்கும். கதிர் கொறைஞ்சா படத்துல மணல் தூவுன மாதிரி பொட்டு பொட்டா இருக்கும், அதப் பாதியாக் கொறைக்கணும்னா கதிர நாலு மடங்கு ஆக்கணும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்ல ராத்திரி போட்டா விடியும் வரை ஓடும், நடுவுல கரண்ட் போயி பேட்டரியும் தீந்தா எல்லாம் போச்சு. அதுக்கு ஒரு வழி இருக்கு, கொஞ்சம் கொஞ்சம் கதிரோட, ஒவ்வொரு தடவையும் கதிர் சிதறறத மாத்தற சீட் (seed) நம்பர மாத்தி, தனித்தனி படமா எடுத்து கடைசில சராசரி எடுத்தாப் போதும், எல்லாக் கதிரும் ஒரே தடவைல போட்டதுக்குச் சமம். வேற வேற பிள்ளைங்க வேற வேற லேப்டாப்ல ஓட விட்டு பென்டிரைவ்ல கொண்டு வந்து சேத்தாங்க.

இங்க ஒண்ண மறைக்காமச் சொல்லணும். பிளெண்டர்ல டீநாய்சர்னு ஒரு வசதி இருக்கு, பொட்டு பொட்டா இருக்கறதத் தானாவே வழிச்சு எடுத்துரும், அது நியூரல் நெட்வொர்க்தான், நெறைய படத்தப் பாத்துப் பழகுனது, அத ஏஐன்னு சொன்னா நான் மறுக்க மாட்டேன். கண்காட்சிப் படத்துக்கு அத ஆஃப் பண்ணித்தான் வச்சோம், அவளே வேண்டாம்னு சொல்லிட்டா, கல்லுக்குள்ள உள்ள சின்னச் சின்ன மினுக்கத்தையும் அது சேத்து வழிச்சிருதுன்னு. படத்த உத்துப் பாத்தா நிழல்ல கொஞ்சம் பொட்டு இருக்கறது தெரியும், அது அப்படித்தான் இருக்கணும்.

ஏஐ படத்துக்கு நான் எதிரி இல்ல. ஆனா அது வேற வேலை. அது கோடிக்கணக்கான படத்தப் பாத்துப் பழகி, இப்படி இருக்கும்னு ஒண்ணத் தரும், அதுல இழை எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு கேட்டா பதில் கிடையாது. இதுல 7க்கு 8ங்கறத 9க்கு 10ன்னு மாத்தி ஓட்டுனா அந்தக் கோலம் வரும், பழைய நம்பர போட்டா பழைய கோலம் ஒரு புள்ளி மாறாம வரும், எந்தக் கல்லு எங்க எதுக்கு இருக்குன்னு அவ வரிய எடுத்துக் காட்டுவா. நம்ம மாவட்டத்துல இந்தப் பார்வை ஏற்கனவே இருக்கு, தோவாளைல மாணிக்கமாலை கட்டறவங்க அரளிப்பூவ மடிச்சு மடிச்சு வரிசை மாறாம வச்சு வர்ற அந்த ஜொலிப்புக்கு பின்னாலயும் இதே மாதிரி ஒரு கணக்குதான். வகுப்புல இன்னொரு பையன் இப்ப வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவுல உள்ள 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்த எழுத ஆரம்பிச்சிருக்கான், கண்ணாடி வழியா கீழ அலை தெரியணும்னு. அவன் முடிச்சு உங்க பேப்பர்ல வரும்போது அதுக்கும் கீழ ஏஐன்னு வந்துரக்கூடாதுங்கற பயத்துலதான் இவ்ளோ எழுதறேன்.

நான் கேக்கறது இதுதான். அதே பக்கத்துல, கண்ணுல படற அளவுக்கு ஒரு திருத்தம் போடுங்க, படம் ஏஐ உருவாக்கியது இல்ல, மாணவி எழுதிய புரோகிராம்ல இருந்து ரே டிரேசிங் முறைல எடுத்ததுன்னு. இனிமே மாணவர் படம் எது வந்தாலும் எப்படிப் பண்ணினதுன்னு பண்ணினவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடச் சொல்லுங்க உங்க நிருபர்கள்கிட்ட. மார்கழிக் கோலப் போட்டி நீங்க நடத்தும்போது கோடு எழுதிப் போடற கோலத்துக்கும் ஒரு பிரிவு வைங்க, கோட்டையும் சேத்து அனுப்பணும்னு விதி வச்சா யாரும் ஏமாத்த முடியாது. ஸ்கூல்ல உள்ள ஹைடெக் லேப் லீவு நாள்ல பூட்டித்தான் கெடக்கு, அதத் திறந்து விட்டா இந்த மாதிரி ரெண்டர் எல்லாம் ஒரு பகல்ல முடிஞ்சிரும், அதப் பத்தியும் நீங்க எழுதுனா மேல உள்ளவங்க காதுல விழும்.

ஸ்கெட்ச்சுக்க கோடு முழுசும் பிரிண்ட் எடுத்து இந்தக் கடிதத்தோட வச்சிருக்கேன், ஓபிஜே ஃபைலும் பிளெண்டர் ஃபைலும் பென்டிரைவ்ல இருக்கு, உங்க ஆபீஸ்ல யாராவது ஓட்டிப் பாத்துக்கலாம். திருத்தம் போடும்போது பிள்ளைக்க பேர இனிஷியலோட போடுங்க, போன செய்தில இனிஷியல் விட்டுப் போச்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.